ஜிம்மில் மாட்டிய பணத்துக்கு எந்தப் படி ஏறுவது?

என் அக்கா மகனுக்கு இருபத்து நாலு வயது. கும்பகோணத்தில் ஒரு செல்போன் கடையில் வேலை, வீடு திருவிடைமருதூரில். தை பிறந்த கையோடு பொங்கல் ஆஃபர் என்று ஒரு ஜிம்மில் வருடச் சந்தா சேர்ந்தான். மொத்தம் 14,400 ரூபாய். பணம் என் ஜிபேயிலிருந்துதான் போனது. மாதா மாதம் கொடுத்துவிடுகிறேன் மாமா என்றான், இரண்டு மாதம் கொடுக்கவும் செய்தான்.

மூன்றாவது மாதம் ஜிம்காரர்கள் மாலை ஆறிலிருந்து எட்டரை வரை பெண்களுக்கு ஜூம்பா என்று மாற்றிவிட்டார்கள். ஆண்கள் எட்டரைக்கு மேல் வரலாமாம். இவனுக்குக் கடை முடிவதே ஐந்தரை மணி. அதுவரை எங்கே உட்கார்ந்திருப்பது, பத்து மணிக்கு மேல் எந்த பஸ்ஸை நம்பி ஊர் திரும்புவது? சேரும்போது ஒரு பயிற்சியாளரைக் காட்டி, இவர்தான் உங்களுக்கு மூன்று மாதம் கூடவே இருப்பார் என்றார்கள். அவரும் ஐந்தாவது வாரமே திருப்பூர் பக்கம் போய்விட்டார். மீதிப் பணத்தைக் கேட்டதற்கு, ஃபார்மைத் திருப்பிப் பாருங்கள் தம்பி என்று ஒரே பதில்.

திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் பெயர், எடை, ரத்த அழுத்தம், ரத்த வகை எல்லாம் கறுப்பு மையில் தெளிவாக இருக்கிறது. பின்பக்கம் வெளிறிய சாம்பல் நிறத்தில், கடுகைக் கொட்டியது போல இருபத்திரண்டு விதிகள். பதினொன்றாவது விதி: நேரம், பயிற்சியாளர், இடம், உபகரணம் எதையும் நிர்வாகம் முன்னறிவிப்பின்றி மாற்றலாம். பதினான்காவது: எந்தச் சூழ்நிலையிலும் கட்டணம் திருப்பித் தரப்படாது. பதினேழாவது: தகராறு வந்தால் நிர்வாகம் நியமிக்கும் நடுவர்தான் தீர்ப்பார். பதினொன்றையும் பதினான்கையும் சேர்த்துப் படித்தால் கதை முழுதும் வந்துவிடுகிறது. அவர்கள் எதை வேண்டுமானாலும் மாற்றலாம், நாம் வெளியே போகக்கூட முடியாது.

வீட்டில் ஆளுக்கொரு யோசனை. அக்கா வீட்டுக்காரர், ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தால் மறுநாளே பணம் வரும் என்றார். பக்கத்து வீட்டுக்காரர் வக்கீல் நோட்டீஸ் என்றார். அக்கா மகன், "விடுங்க மாமா, பன்னிரண்டாயிரத்துக்கு யார் அலையறது" என்றான். அந்தப் பன்னிரண்டாயிரத்தில் பெரும்பகுதி என்னுடையது என்பதால் நான் விடவில்லை. ஒவ்வொரு வழியும் எங்கே போய் முடியும் என்று பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

முதலில் போலீஸ். புகார் கொடுத்தால் அதை வாங்கிக்கொண்டதற்கு அடையாளமாக சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள், ஜிம்காரரைக் கூப்பிட்டும் பேசுவார்கள். சில இடங்களில் அதிலேயே காரியம் முடிந்துவிடும். ஆனால் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவு, அதாவது பழைய 420, பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும் என்கிறது. நேரத்தை மாற்றியது மோசடி ஆகாது. ஷட்டரை இழுத்துவிட்டு ஆள் தலைமறைவு, மூடுவதற்கு முந்தின வாரம் வரை வருடச் சந்தா வசூல் என்றால் அது வேறு. அப்போது முதல் நாளே ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். எங்கள் விஷயம் அது இல்லை. இது சிவில் விவகாரம் என்று எழுதிக் கையில் கொடுத்துவிட்டால், அந்தத் தாளையே எதிர்த்தரப்பு நாளைக்கு நமக்கு எதிராகக் காட்டும்.

சிவில் கோர்ட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு, ஒப்பந்தத்தில் அபராதம் எவ்வளவு எழுதியிருந்தாலும் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும் என்கிறது. நல்ல பிரிவு. தமிழ்நாட்டில் 2017-க்குப் பிறகு கோர்ட் கட்டணமும் கோரும் தொகையில் 3 சதவீதம்தான். வழக்குப் போட மூன்று வருட அவகாசமும் உண்டு. ஆனால் வக்கீல் இல்லாமல் நகராது, வாய்தாவுக்குப் போய்வரும் செலவே தொகையைத் தின்றுவிடும். பெரிய தொகை வாங்கிக்கொண்டு பயிற்சி நிலையம் நடத்தும் உரிமத்தையே விற்றது போன்ற வணிக விவகாரம் என்றால் அங்கேதான் போக வேண்டும். சந்தாதாரருக்கு வேண்டாம்.

லோக் அதாலத்தை, அதாவது இரு தரப்பையும் உட்காரவைத்துச் சமரசம் பேசும் மக்கள் நீதிமன்றத்தை, மட்டமாக நினைக்கக் கூடாது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ வட்டக் குழுவிலோ வழக்குக்கு முந்தைய நிலையிலேயே மனு கொடுக்கலாம், கட்டணம் கிடையாது. இரு தரப்பும் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அது சிவில் கோர்ட் தீர்ப்பாணைக்குச் சமம், அப்பீல் இல்லை. மனுதாரர் பெண்ணாகவோ பட்டியல் வகுப்பினராகவோ இருந்தால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீலும் கிடைப்பார். குறை ஒன்றுதான்: ஜிம்காரர் வரமாட்டேன் என்றால் அதோடு முடிந்தது. நிரந்தர லோக் அதாலத் என்று இன்னொன்று இருக்கிறதே என்பார்கள். அது மின்சாரம், போக்குவரத்து, மருத்துவமனை, காப்பீடு மாதிரியான பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு. ஜிம் அந்தப் பட்டியலில் இல்லை.

இனி நுகர்வோர் சட்டம். நான் அதிக நேரம் செலவழித்தது இதில்தான்.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பழைய 1986 சட்டத்தில் இல்லாத ஒரு சொல் இதில் இருக்கிறது: நியாயமற்ற ஒப்பந்தம். 2(46) பிரிவைப் படித்தபோது எங்கள் ஃபார்மை எதிரே வைத்துக்கொண்டு எழுதினார்களோ என்று தோன்றியது. இழப்புக்குச் சம்பந்தமே இல்லாத அபராதம், தகுந்த காரணமின்றி ஒரு தரப்பு மட்டும் ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்ற உரிமை, நுகர்வோரைப் பாதகத்தில் தள்ளும் நியாயமற்ற கட்டணமோ கடமையோ நிபந்தனையோ, எல்லாம் அதில் வருகின்றன. சரி, கிடைத்துவிட்டது ஆயுதம் என்று நினைத்தேன்.

அடுத்த பக்கத்தில்தான் முட்டுக்கட்டை. நியாயமற்ற ஒப்பந்தம் என்ற பெயரில் வரும் புகாரை விசாரிக்கும் அதிகாரத்தைச் சட்டம் மாவட்ட ஆணையத்துக்கு, அதாவது மாவட்டத்தில் இருக்கும் நுகர்வோர் கோர்ட்டுக்கு, தரவில்லை. 47-ஆவது பிரிவு அதை மாநில ஆணையத்துக்குத் தருகிறது. கொடுத்த தொகை பத்துக் கோடியைத் தாண்டினால் தேசிய ஆணையத்துக்கு. ஒரு விதியைப் பிடித்து இது செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரமும் 49(2)-இன்படி மாநில ஆணையத்திடம்தான். பத்துக் கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போடுகிறவருக்கும் 14,400 ரூபாய்க்குப் பொங்கல் ஆஃபர் எடுத்த பையனுக்கும் ஒரே வாசல். மாநில ஆணையம் இருப்பது சென்னையில், அதன் அமர்வு ஒன்று மதுரையில். கும்பகோணத்திலிருந்து இரண்டுமே பக்கத்து ஊர் இல்லை. சட்டத்தை எழுதியவர்கள் இந்த இடத்தில் சந்தாதாரரை நினைத்துப் பார்க்கவில்லை என்பது என் எண்ணம்.

அப்படியானால் மாவட்ட ஆணையத்துக்கு எதைச் சொல்லிக்கொண்டு போவது? சேவைக் குறைபாடு, நேர்மையற்ற வணிக நடைமுறை. இரண்டும் மாவட்ட ஆணையம் அன்றாடம் விசாரிப்பவை. மூன்று மாதம் கூட இருப்பார் என்று சொன்ன பயிற்சியாளர் ஐந்தாவது வாரத்தில் இல்லை, கட்டணம் வாங்கிய நேரத்தில் இடம் இல்லை. இது 2(11)-இல் வரும் சேவைக் குறைபாடு. குறைபாடான சேவைக்கு ரசீதில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் முப்பது நாளுக்குள், பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும், ரசீதே தராமல் இருப்பதும் 2(47)-இன்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. இதற்கெல்லாம் மேலே உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரலில் பயோனியர் அர்பன் லேண்ட் வழக்கில் சொன்ன ஒன்று இருக்கிறது. கட்டட நிறுவனம் ஒன்று வீடு வாங்கியவரிடம் ஒருதலைப்பட்சமான விதிகளுக்குக் கையெழுத்து வாங்கியிருந்தது. அப்படிப்பட்ட விதிகளைப் போடுவதே நேர்மையற்ற வணிக நடைமுறைதான், அவை வாங்கியவரைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பு. பழைய சட்டத்தின் கீழ் வந்த வழக்கு என்றாலும் வாதம் அப்படியே பொருந்தும்.

ஆகவே மனுவில் 'இந்த ஒப்பந்தம் நியாயமற்றது, பதினான்காவது விதியை ரத்து செய்யுங்கள்' என்று தலைப்புப் போட்டால், இங்கே வராதே, மாநில ஆணையத்துக்குப் போ என்று எதிர்த்தரப்பு வக்கீல் முதல் வாய்தாவிலேயே மடக்குவார். 'சேவையில் குறை இருக்கிறது, மீதிப் பணத்தைத் தர மறுக்கிறார்கள், அதற்கு ஒருதலைப்பட்ச விதியைச் சாக்காகச் சொல்கிறார்கள்' என்று எழுதினால் எங்கள் மாவட்ட ஆணையம் இருக்கும் தஞ்சாவூரிலேயே நிற்கும். குறை அதேதான், எழுதும் விதத்தில்தான் 300 கிலோமீட்டர் மிச்சமாகிறது.

மாவட்ட ஆணையத்தின் மற்ற சௌகரியங்கள்: கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை மனுவுக்குக் கட்டணமே இல்லை. ஐம்பது லட்சம் வரை இங்கேயே விசாரிப்பார்கள். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம் என்று 34-ஆவது பிரிவு சொல்கிறது, ஆகவே சென்னையில் தலைமையகம் வைத்திருக்கும் சங்கிலி ஜிம் ஆனாலும் நாம் சென்னைக்கு ஓட வேண்டாம். நடுவரிடம்தான் போக வேண்டும் என்ற பதினேழாவது விதியும் தடையில்லை; 2018-இல் எமார் எம்ஜிஎஃப் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கிவிட்டது. வக்கீல் கட்டாயமில்லை. வீடியோ மூலம் விசாரிக்கக் கேட்கலாம். 2025 ஜனவரியிலிருந்து இ-ஜாக்ரிதி என்ற அரசு இணையதளத்தில் வீட்டிலிருந்தே மனு போடலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். உத்தரவு வந்தும் பணம் தராவிட்டால் 72-ஆவது பிரிவில் ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். அப்பீல் போக நினைத்தாலும் உத்தரவுத் தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும்.

சங்கடம், காலம். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்து மூன்று மாதத்துக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் குறுவை அறுத்து, தாளடியும் அறுத்து, மறுபடி மேட்டூர் திறக்கும்வரை இழுத்தாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

இதனால்தான் மனுவுக்கு முன்னால் கடிதமும் 1915-உம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் தமிழில் பேசலாம், செலவில்லை, பேசி முடித்ததும் ஒரு பதிவு எண் வரும். ஆனால் அதற்கு உத்தரவு போடும் அதிகாரம் இல்லை. பெரிய நிறுவனங்கள் பல அந்த உதவி மையத்தோடு இணைப்பில் இருப்பதால் அங்கிருந்து புகார் போனதும் அசைகின்றன. உள்ளூரில் ஒற்றைக் கிளை வைத்திருப்பவர் அப்படிப் பயப்பட வேண்டியதில்லை. அவருக்கு நாமே எழுதும் கடிதம் இன்னும் வலுவானது என்று நினைக்கிறேன். வக்கீல் நோட்டீஸ்தான் வேண்டும் என்றில்லை. ஒரு வெள்ளைத் தாளில் தேதி, தொகை, என்ன சொன்னார்கள், என்ன செய்தார்கள், எவ்வளவு வேண்டும், எத்தனை நாளில் வேண்டும் என்று எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைத்தால் போதும். பதில் சொல்லாமல் இருந்தால் அதுவே ஆணையத்தில் நமக்குச் சாட்சி.

கலெக்டர் வழியும் ஒன்று உண்டு, பலர் மறந்துவிடுகிறார்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுப்பது நமக்குப் பழக்கம்தானே. பல நுகர்வோரைப் பாதிக்கும் நேர்மையற்ற வணிக நடைமுறை பற்றியோ, 'முப்பது நாளில் பதினைந்து கிலோ குறையும்' மாதிரி பொய் விளம்பரம் பற்றியோ கலெக்டரிடம் புகார் கொடுக்கலாம் என்று இந்தச் சட்டமே சொல்கிறது. அவர் விசாரித்து மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிக்கை அனுப்பலாம். தவறான விளம்பரத்துக்கு அங்கே பத்து லட்சம் வரை அபராதம் போட முடியும். ஆனால் அக்கா மகனின் பன்னிரண்டாயிரத்தை வாங்கித் தருவது அவர்கள் வேலை இல்லை. நாற்பது ஐம்பது பேர் ஒரே ஜிம்மில் மாட்டியிருந்தால் இந்த வழியில் வலு கூடும். அப்போதும் பணத்துக்கு மாவட்ட ஆணையம்தான். ஒரே குறை உள்ள பலர் ஆணையத்தின் அனுமதியோடு 35(1)(சி)-இல் ஒன்றாகவே மனு போடலாம்.

கடன் போட்டுச் சேர்ந்தவர்களுக்குக் கணக்கு வேறு. அக்கா மகனின் நண்பன் ஒருவன் வட்டியில்லா ஈஎம்ஐ என்று சேர்ந்திருந்தான். ஜிம்முக்குத் தவணை கட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தவன், உண்மையில் ஒரு நிதி நிறுவனத்திடம் தனிநபர் கடன் வாங்கியிருக்கிறான். ஜிம்மோடு சண்டை என்று தவணையை நிறுத்தினால் சிபில் மதிப்பெண் விழும், நாளைக்கு வண்டிக் கடன் கேட்டால் முகத்தில் அடித்த மாதிரி சொல்வார்கள். அவன் முதலில் கடன் கொடுத்தவருக்குப் புகார் எழுத வேண்டும், முப்பது நாளில் சரியான பதில் இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போக வேண்டும். மாவட்ட ஆணையத்துக்குப் போனால் ஜிம்மையும் நிதி நிறுவனத்தையும் இரண்டு எதிர்தரப்பினராகச் சேர்க்க வேண்டும். யூபிஐ ஆட்டோபே என்றால் இவ்வளவு பாடு இல்லை. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும், செயலியிலேயே ரத்தும் செய்யலாம். ரத்து செய்த திரையைப் படம் பிடித்து வையுங்கள்.

இன்னொரு விஷயத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். சேர்ந்து பதினைந்து நாளில் சோம்பல் வந்து நின்றுவிட்டேன், பணத்தைக் கொடு என்றால் இதில் எந்தப் படி ஏறினாலும் கை வலுவாக இருக்காது. சேர்ந்த பிறகு யோசித்துப் பார்த்து விலக இத்தனை நாள் என்று ஜிம் சந்தாவுக்கு நம் சட்டத்தில் அவகாசம் எதுவும் வைக்கவில்லை. விதிவிலக்கு, சேர்ந்தவருக்குப் பதினெட்டு வயது நிரம்பாதது. அவர் போட்ட கையெழுத்தே செல்லாது. பிளஸ் டூ பையன்களை வரிசையாகச் சேர்க்கும் ஜிம்கள் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

எவ்வளவு கேட்பது என்பதில் நாங்கள் ஒரு சாயங்காலம் முழுக்கச் சண்டை போட்டோம். அக்கா மகன் 14,400-உம் வேண்டும், மன உளைச்சலுக்கு ஒரு லட்சமும் வேண்டும் என்றான். நான் எதிர்த்தரப்பில் உட்கார்ந்து கேட்டேன்: "ரெண்டு மாசம் போனியா இல்லையா?" போனான். வருடக் கணக்கில் மாதம் 1,200, இரண்டு மாதத்துக்கு 2,400. மீதி 12,000. ஜிம்காரர் என்ன சொல்வார்? வருட விலை தள்ளுபடி விலை, இடையில் போனால் மாதச் சந்தா 2,000 வீதம்தான் கணக்கு, ஆக 4,000 கழித்து 10,400 என்பார். அதை அநியாயம் என்று சொல்லிவிட முடியாது. அவருக்கு உண்மையில் ஆன இழப்பு அதுதான். கடிதத்தில் 12,000 கேட்பது, 10,400-க்குக் கீழே இறங்குவதில்லை, அது கிடைக்காவிட்டால் தஞ்சாவூர். ஆணையத்தில் வட்டி, இழப்பீடு, செலவுத்தொகை எல்லாம் கேட்டுக்கொள்ளலாம்.

பணம் என் கணக்கிலிருந்து போனதால் புகார்தாரர் யார் என்றும் ஒரு குழப்பம் வந்தது. பணம் கொடுத்தவர் சம்மதத்தோடு சேவையை அனுபவிப்பவரும் நுகர்வோர்தான், ஆகவே அவன் பெயரில் போடலாம். என் ஜிபே விவரம் சாட்சி. ஃபார்மின் இரண்டு பக்கமும், நேர மாற்றம் பற்றி வாட்ஸ்அப் குழுவில் வந்த அறிவிப்பு, பயிற்சியாளரைக் காட்டிப் போட்ட இன்ஸ்டாகிராம் விளம்பரம் எல்லாவற்றையும் கடிதம் போவதற்கு முன்னாலேயே எடுத்து வைத்தோம். நல்லவேளை. கடிதம் போய்ச் சேர்ந்த மறுநாள் அவனைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

கடிதம் போன அன்றே 1915-இலும் பதிவு செய்தோம். பதினைந்து நாள் கெடு வைத்திருந்தோம். பதினொன்றாம் நாள் ஜிம் உரிமையாளரே என்னைக் கூப்பிட்டார். முதலில் மீதிப் பத்து மாதத்தை வேறு பெயருக்கு மாற்றித் தருகிறேன் என்றார், "நீங்களே வாங்களேன் சார், காலையில கூட்டமே இருக்காது." என் வயதையும் முட்டியையும் சொன்னேன். பிறகு 7,000 என்றார். மனுவை டைப் செய்து வைத்திருக்கிறேன், முகவரி மட்டும் சரிபார்க்க வேண்டும், உங்கள் கடையின் முழுப்பெயரைச் சொல்லுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. கடைசியில் 10,400-க்கு ஒத்துக்கொண்டார், ஆனால் இரண்டு தவணையில். முதல் தவணை வந்ததும் புகாரை முடித்துவிடுங்கள் என்று கேட்டார். முடிக்கவில்லை. தொகை, இரண்டு தேதி, இனி அவரிடம் வேறு கோரிக்கை இல்லை என்ற வரி மூன்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கி, இரண்டாவது தவணை கணக்கில் ஏறிய பிறகுதான் அக்கா மகன் 1915-க்குப் போன் செய்தான்.